நாள் முழுக்க உழைத்தும் ஏன் மிஞ்சவில்லை?

கேள்வி:

நாங்கள் ஆறு நண்பர்கள், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, கஷ்டப்படும் குடும்பத்துப் பெண்களுக்கு மூன்று வருடமாகத் தையல் பயிற்சி கொடுத்து வருகிறோம். பயிற்சி முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு தையல் மெஷினும் கொடுத்தோம். இதுவரை 40 பேர். போன மாதம் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பார்த்தோம். தையலில் சம்பாதிப்பவர்கள் 7 பேர்தான். மற்றவர்கள் பழையபடி கிடைத்த கூலி வேலைக்கே போகிறார்கள். இரண்டு பேர் மெஷினையே விற்றுவிட்டார்கள். இப்போது எங்களுக்குள் வாக்குவாதம். 'தொழிற்சாலையில் சேர்த்துவிடுவோம், மாதச் சம்பளம் வந்தால் நிமிர்ந்துவிடுவார்கள்' என்கிறார் ஒருவர். 'பயிற்சியெல்லாம் எதற்கு, பணத்தைக் கையில் கொடுத்துவிடலாம்' என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் 'அவர்களுக்கு உழைக்க மனசில்லை' என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். வேலை கிடைத்தால் வறுமை போய்விடும் என்று நம்பித்தான் ஆரம்பித்தோம். அந்த நம்பிக்கையே தப்பா? அடுத்த குழுவுக்குப் பயிற்சி ஆரம்பிக்கலாமா, வேண்டாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வீடு வீடாகப் போய்ப் பார்த்தீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. வாழ்வாதாரத் திட்டங்களில் இருபது வருடத்துக்கு மேல் ஆலோசகராக இருக்கிறேன். பயிற்சி முடிந்த அன்று எடுத்த போட்டோவோடு கோப்பை மூடிவிடும் திட்டங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். 40-இல் 7 என்ற எண் உங்களுக்கு வலிக்கிறது. ஆனால் அந்த எண் உங்கள் கையில் இருப்பதால்தான் இனி சரியாக யோசிக்க முடியும்.

ஒதுங்கிவிட்ட நண்பரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர் சொன்னது அப்படியே நின்றுவிட்டால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. அந்த 33 பேரும் சும்மா உட்கார்ந்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை. கூலி வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரம ஏழைகளால் வேலையில்லாமல் இருக்கவே முடியாது. வேலை தேடிக்கொண்டு நாலு மாதம் காத்திருக்க வேண்டுமானால், அந்த நாலு மாதமும் சோறு போட யாராவது வேண்டும். அப்படி யாரும் இல்லாதவர் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதைச் செய்துவிடுவார். கணக்கெடுப்புகளும் இவரை 'வேலையில் இருப்பவர்' என்றுதான் பதியும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கோ லாபத்துக்கோ உழைத்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர்.

உலக அளவில் வேலையின்மை விகிதம் 2024-இல் 5 சதவீதம்தான். அதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. வேலையில் இருந்துகொண்டே மிகக் கடும் வறுமையில் இருப்பவர்கள் சுமார் 24 கோடிப் பேர் என்று அதே அமைப்பு சொன்னது. அதுவும் ஒரு நாளைக்கு 2.15 டாலர் என்ற மிகத் தாழ்ந்த வறுமைக் கோட்டை வைத்து. 2025-இல் உலக வங்கி அந்தக் கோட்டை 3 டாலருக்கு உயர்த்தியது. உலகத்தில் வேலை செய்பவர்களில் பத்துக்கு ஆறு பேர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலையில் இருப்பவர்கள். ஒப்பந்தம் கிடையாது, நோய் வந்தால் சம்பளம் கிடையாது, நாளைக்கு வேலை உண்டு என்ற உறுதி கிடையாது. இவ்வளவு பேருக்கும் மனசில்லை என்று சொல்ல முடியுமா? நண்பரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். களைத்துப்போய்ச் சொல்லியிருப்பார், நல்ல மனசுக்காரராகத்தான் இருக்க வேண்டும், மூன்று வருடம் கூடவே வந்திருக்கிறாரே.

அப்படியானால் உங்கள் நம்பிக்கை தப்பா? பாதிதான் தப்பு. வேலைதான் வறுமையைத் தீர்க்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த வேலை என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 'பலன் தரும் வேலை' என்று எங்கள் துறையில் சொல்வதற்கு எளிமையான பொருள் உண்டு. வேலை செய்பவரையும் அவரை நம்பியிருப்பவர்களையும் வறுமைக் கோட்டுக்கு மேலே வைக்கிற அளவுக்கு அந்த உழைப்பு திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான். 1964-லேயே தொழிலாளர் அமைப்பின் 122-ஆம் உடன்படிக்கை 'முழுமையான, பலன் தரும், தானாக விரும்பித் தேர்ந்த வேலை' என்று மூன்று சொற்களையும் சேர்த்தே எழுதிவைத்தது. ஆனாலும் 2000-இல் உலக நாடுகள் சேர்ந்து ஆயிரமாண்டு இலக்குகளை வகுத்தபோது, வறுமையைப் பாதியாக்குவது என்ற முதல் இலக்கின் கீழே வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சில வருடம் கழித்துத்தான் சேர்த்தார்கள். 2015-இல் வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் அதற்கென்று எட்டாவது இலக்கே வந்தது. பெரியவர்களுக்கே இவ்வளவு நாள் ஆயிற்று, நீங்கள் மூன்று வருடத்தில் இந்தக் கேள்விக்கு வந்துவிட்டீர்கள்.

இப்போது ஒரு நாளைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த நாளில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், வீட்டிலிருந்தபடியே பீஸ் ரேட்டுக்குச் சட்டை தைக்கும் ஒரு பெண்ணோடு காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு நோட்டும் கடிகாரமும். அவர் எப்போது எதைச் செய்கிறார் என்று எழுதிக்கொண்டே வந்தேன். தைப்பதில் அவருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காலர் வைக்கும்போது அந்த விரல்கள் துணியைத் திருப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

காலை ஏழரைக்கு, காண்ட்ராக்டர் வெட்டி அனுப்பிய துணிக் கட்டைப் பிரித்தார். கை ஒரு சைஸில், உடல் இன்னொரு சைஸில் வெட்டப்பட்டிருந்தது. காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார். மாற்றுக் கட்டு வர ஒன்றரை மணி நேரம். அதற்குள் வேறு வேலையில் இறங்கவும் முடியாது, எந்த நேரமும் ஆள் வந்துவிடலாம். பிறகு தைக்க உட்கார்ந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தையல் தாவியது. பாபினைக் கழற்றி, பஞ்சை ஊதி, திரும்ப மாட்டி, தாவிய இடத்தைப் பிரித்துத் தைத்தார். காஜா, அதாவது பொத்தான் துளை, எடுக்கிற மெஷின் அவரிடம் இல்லை. தைத்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டி, இருபது நிமிடம் நடந்துபோய்க் கொடுத்து, அங்கே வரிசையில் நின்று, ஒவ்வொரு காஜாவுக்கும் காசு கொடுத்து வாங்கி வந்தார். நடுவில் சமையல், குழந்தை, படுக்கையில் இருந்த மாமியார். இரவு ஒன்பது மணிக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். வீட்டு வேலை போகத் தையலுக்கென்று அவர் ஒதுக்கிய நேரம் 11 மணி. ஊசி ஓடிய நேரம் 4 மணி 10 நிமிடம்.

அவரிடம் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நான் மெதுவாத் தைக்கிறேன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன்" என்றார்.

கூலியிலும் ஓட்டை. அந்த மெஷினை வாங்கக் கடன் கொடுத்தவர் அதே காண்ட்ராக்டர்தான். கடன் தீரும்வரை வேறு ஆளிடம் பீஸ் எடுக்கக் கூடாது என்பது பேச்சு. ஆகவே அவர் சொன்னதுதான் ரேட். தாவிய தையல் என்று ஒதுக்கிய பீஸ்களுக்குப் பிடித்தமும் உண்டு.

இந்தப் பெண்ணுக்கு இன்னொரு ஆறு மாதம் தையல் பயிற்சி கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதுவுமே மாறியிருக்காது. ஒரு மெக்கானிக் வந்து ஹூக் டைமிங்கை (ஊசியும் அடியில் சுழலும் கொக்கியும் சேரும் நேரத்தை) அரை மணி நேரத்தில் சரிசெய்தார், தாவுவது நின்றது. பக்கத்தில் தைக்கும் நாலு பெண்களோடு சேர்ந்து பழைய காஜா மெஷின் ஒன்றை வாங்கினார்கள். மெஷின் கடனைக் குறைந்த வட்டிக்கு வேறு இடத்துக்கு மாற்றியதும், இரண்டாவது காண்ட்ராக்டரிடமும் பீஸ் எடுக்க வழி பிறந்தது. அடுத்த மாதமே முதல் காண்ட்ராக்டர் ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். யாரும் அவரிடம் சண்டை போடவில்லை. இவர் வேறு இடத்துக்குப் போக முடியும் என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக உழைக்காமல் வீட்டில் கொஞ்சம் காசு மிஞ்ச ஆரம்பித்தது.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஏழைகளிடம் உழைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அந்த உழைப்பின் ஒவ்வொரு மணி நேரமும் என்ன தருகிறது, தருவதில் எவ்வளவு அவர் கையில் நிற்கிறது, வருடத்தில் எத்தனை நாள் அப்படி உழைக்க முடிகிறது என்ற இந்த மூன்றில் எதைக் கூட்டினாலும் வறுமை குறையும். எதையும் கூட்டாத உதவி எவ்வளவு அன்போடு செய்தாலும் நிற்காது. உங்கள் பயிற்சி முதலாவதில் ஒரு சின்னப் பகுதியைத் தொட்டது. மற்ற ஓட்டைகள் அப்படியே இருந்தன.

வறுமையிலிருந்து கோடிக்கணக்கில் மக்கள் வெளியே வந்த இடங்களிலும் இதே கதைதான் பெரிய அளவில் நடந்தது. சீனாவில் 1978-க்குப் பிறகு நாற்பது வருடத்தில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் கடும் வறுமையைத் தாண்டினார்கள். தொழிற்சாலைகளால் வந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் தொடக்கம் வயலில். கூட்டுப் பண்ணையிலிருந்து நிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள், அரசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் குடும்பமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதே நிலம், அதே கைகள், விளைச்சல் ஏறியது. மார்ட்டின் ரவாலியன், ஷாவ்ஹுவா சென் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1980-க்குப் பின் வந்த இருபது வருடத்தை ஆராய்ந்து, வறுமையைக் குறைத்ததில் வேளாண்மை வளர்ச்சியின் தாக்கம் தொழில், சேவைத் துறைகளின் வளர்ச்சியைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று கண்டார்கள். ஏழைகளின் உழைப்பு எங்கே இருந்ததோ அங்கே மணி நேரத்தின் பலன் கூடியது. அதுதான் காரணம். சுரங்கத்திலோ எண்ணெய்க் கிணற்றிலோ ஒரு நாடு எவ்வளவு சம்பாதித்தாலும் அங்கே வேலை செய்யும் கைகள் கொஞ்சம். நாட்டின் கணக்குப் புத்தகத்தில் வளர்ச்சி தெரியும், ஏழை வீட்டுக்கு அது வந்து சேராது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ் என்ற அறிஞர் 1954-இல் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தத் துறைக்கே அடித்தளம். 1979-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஐந்து பேர் செய்யக்கூடிய வேலையை எட்டுப் பேர் பகிர்ந்து செய்யும் இடத்திலிருந்து ஆட்கள் வேறு தொழிலுக்கு நகர்ந்தால் மொத்த விளைச்சல் கூடும் என்றார். கூடவே, நகர வேண்டிய ஆட்கள் இன்னும் மிச்சமிருக்கும்வரை அந்தப் புதுத் தொழிலிலும் கூலி ஏறாது என்றும் சொன்னார். வாசலில் இன்னொருவர் காத்து நிற்கும்வரை உள்ளே இருப்பவர் கூடுதலாகக் கேட்க முடியாது. தொழிற்சாலை வேலையைப் பற்றி உங்கள் முதல் நண்பர் யோசிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் இருந்த கிராமங்களில் சிறுமிகள் கூடுதல் வருடங்கள் பள்ளியில் படித்தார்கள், திருமண வயது தள்ளிப்போனது என்று ஆய்வு சொல்கிறது. சம்பாதிக்கும் பெண்ணைப் பார்த்து வளரும் சிறுமிக்குக் கிடைக்கும் தைரியத்தை எந்தப் பயிற்சி வகுப்பாலும் தர முடியாது. அதே நாட்டில்தான் 2013 ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. போக மாட்டேன் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை.

எத்தியோப்பியாவில் நடந்த ஒரு ஆய்வு உங்கள் வாக்குவாதத்துக்கு நேராகவே பொருந்துகிறது. கிறிஸ்டோபர் பிளாட்மன், ஸ்டீஃபன் டெர்கன் இருவரும் ஐந்து நிறுவனங்களில் வேலைக்கு விண்ணப்பித்த ஏறக்குறைய ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆலை வேலை. ஒரு பகுதிக்குச் சில நாள் தொழில் பயிற்சியும் சுமார் 300 டாலர் பணமும். மூன்றாவது பகுதிக்கு எதுவும் இல்லை. ஆலை வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒருவர் முதல் மாதத்திலேயே விட்டுவிட்டார். வருடக் கடைசிக்குள் முக்கால்வாசிப் பேர் வெளியேறிவிட்டார்கள். வருமானம் கூடவில்லை, உடம்புக்குக் கெடுதல் கூடியது. பணம் பெற்றவர்களின் வருமானம் ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியது. சரி, அப்படியானால் பணம்தான் வழி என்று உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வார். ஐந்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். மூன்று பகுதியினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உகாண்டாவிலும் கிட்டத்தட்ட அதே போல. 2008-இல் அரசு இளைஞர் குழுக்களுக்குத் தொழில் தொடங்கப் பணம் கொடுத்தது. நாலு வருடத்தில் வருமானம் 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஒன்பது வருடத்தில், பணம் வாங்காதவர்களும் அவர்களை எட்டிவிட்டார்கள். இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். சில வருடம் முன்னதாக ஒரு குடும்பம் மூச்சுவிட முடிந்தது என்றால், அந்தச் சில வருடத்தில்தான் குழந்தைகள் வளர்கிறார்கள். ஆனால் பணம் மட்டும் ஒரு மனிதரை நிரந்தரமாக வேறு இடத்துக்கு நகர்த்திவிடும் என்று எண்ண வேண்டாம்.

நகர்த்தியது எது என்றும் ஓரளவு தெரியும். பிராக் என்ற அமைப்பு 2002-இல் வங்கதேசத்தில் ஆரம்பித்த முறை அது. பரம ஏழைப் பெண்களுக்கு மாடு போன்ற ஒரு சொத்து, அது பலன் தர ஆரம்பிக்கும்வரை சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம், பயிற்சி, சேமிப்பு, அப்புறம் இரண்டு வருடம் வாரா வாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு ஆள். இதே முறையை ஆறு நாடுகளில் செய்துபார்த்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. வங்கதேசத்துப் பெண்களின் கணக்கைப் பார்த்தால் என் நோட்டு ஞாபகம் வருகிறது. அவர்கள் வருடத்தில் வேலை செய்த நாட்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடின. முன்பு அந்த நாட்களில் சோம்பி இருந்தார்களா என்றால், இல்லை. அறுவடை முடிந்தால் கூப்பிட ஆள் கிடையாது. மாடு தினமும் வேலை கொடுத்தது.

இந்த வங்கதேசத் தரவுகளை வைத்துப் பின்னால் செய்த ஆய்வு ஒன்று உங்கள் 40 பேரைப் பற்றிப் பேசுவது போலவே எனக்குத் தோன்றியது. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்புள்ள சொத்துதான் கொடுக்கப்பட்டது. கையில் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தவர்கள் அதோடு சேர்த்து ஒரு அளவைத் தாண்டினார்கள், மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். அந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே நின்றவர்கள் மெல்லச் சரிந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். மாடு இருந்து வண்டி இல்லை என்றால், மாட்டின் முழுப் பலன் கிடைக்காது. தையல் மெஷின் மட்டும் இருந்து, துணி ஓரத்தைப் பின்னும் ஓவர்லாக் மெஷின் இல்லை, நூலும் லைனிங்கும் வாங்கக் கையில் காசு இல்லை, ஆர்டர் கொடுப்பவர் இல்லை என்றால் அந்த மெஷின் வீட்டு மூலையில் நிற்கும் ஒரு சேமிப்பு மட்டும்தான். அவசரம் வந்தால் சேமிப்பை எடுப்பார்கள். விற்றுவிட்ட அந்த இரண்டு பேர் செய்ததும் அதுவாகவே இருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த குழுவுக்குப் பயிற்சி வேண்டாம், இப்போதைக்கு. அந்தப் பணத்தை ஏற்கெனவே பயிற்சி பெற்ற 40 பேருக்கும் செலவு செய்யுங்கள்.

முதலில் அந்த 7 பேரிடம் போங்கள். அவர்கள் திறமைசாலிகள், உழைப்பாளிகள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். ஆர்டர் எங்கிருந்து வருகிறது, முதல் ஆர்டர் யார் மூலம் வந்தது, நூல் வாங்கப் பணம் யார் தந்தார், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். என் அனுபவத்தில், நிலைத்தவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு மாமியாரோ, கடை வைத்திருக்கும் உறவினரோ, மாதச் சம்பளம் வரும் கணவரோ இருப்பார். அந்த ஆதரவு எது என்று தெரிந்தால், மற்றவர்களுக்கு அதை வேறு வழியில் ஏற்படுத்த முடியுமா என்று யோசிக்கலாம்.

அப்புறம் மற்றவர்களில் விருப்பமுள்ள ஐந்தாறு பேரோடு ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். காலை முதல் இரவு வரை அரை மணிக்கு ஒரு வரி. எழுத வராதவருக்காக நீங்களோ அவர் பிள்ளையோ எழுதலாம். தையல் மட்டும் வேண்டாம், கூலி வேலை, வீட்டு வேலை, காத்திருந்த நேரம் எல்லாமே வேண்டும். வீட்டுப் பராமரிப்புப் பொறுப்பினால் மட்டுமே வேலைச் சந்தைக்கு வெளியே நிற்கும் பெண்கள் உலகத்தில் 70.8 கோடிப் பேர் என்று தொழிலாளர் அமைப்பு 2024-இல் கணக்கிட்டது. உங்கள் 40 பேரில் சிலருக்கு வேண்டியது மெஷினே அல்ல, நாளைக்கு நாலு மணி நேரம் குழந்தையை நம்பி விடக்கூடிய ஒரு இடம் என்று நோட்டு காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஒரு அறை வாடகை, பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம். அதுவே இன்னொரு பெண்ணுக்கு வேலையுமாகும்.

சிலருக்குத் தையல் பிடித்தே இருக்காது. நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதற்காகக் கற்றிருப்பார்கள். இலவசமாக ஒன்று கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்வது ஏழைக்கு எளிதல்ல. 'தானாக விரும்பித் தேர்ந்த' என்ற அந்த மூன்றாவது சொல்லை நான் சும்மா எடுத்துச் சொல்லவில்லை. என்ன வேலை தெரியும், எதில் மனம் போகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். இப்போது செய்யும் கூலி வேலையையே ஒரு நல்ல கருவி கொடுத்து மேம்படுத்த முடியலாம்.

தொழிற்சாலையில் சேர விரும்புபவர்கள் இருந்தால் தாராளமாகச் சேரட்டும். ஆனால் நீங்கள் ஆள் சேர்த்துவிடுபவர்களாக மட்டும் ஆகிவிடாதீர்கள். முன்னதாகவே போய்ப் பாருங்கள். வெளியே போகும் வழி பூட்டியிருக்கிறதா, ஓவர்டைமுக்குக் கணக்கு உண்டா, நோய் வந்தால் என்ன, கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம், வேலை முடிந்து வெளியே வந்த பிறகு, பேசுங்கள்.

உங்களால் முடியாததும் உண்டு. அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஆர்டர் பெருகுவதும், கூலி ஏறுவதும், சாலையும் மின்சாரமும் வருவதும் ஆறு பேர் கையில் இல்லை. அது அரசின் வேலை. 2005-இல் இந்தியா கொண்டுவந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடம் 100 நாள் வேலை என்று உறுதி கொடுத்தது. ஆந்திராவில் அதன் நடைமுறையைச் சீர்படுத்தியபோது ஏழைக் குடும்பங்களின் வருமானம் ஏறியது. ஆனால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி அந்த வேலையின் கூலியாக வரவில்லை, வெளிச்சந்தையில் வந்த வருமானம் அது. இன்னொரு கதவு திறந்திருந்தால், எங்கே வேலை செய்கிறோமோ அங்கே மதிப்புக் கூடுகிறது. என் நோட்டில் இருந்த பெண்ணுக்கு இரண்டாவது காண்ட்ராக்டர் செய்ததும் அதைத்தான். உங்கள் பகுதியில் அப்படி ஏதாவது அரசுத் திட்டம் இருந்தால், அதற்குப் பெயர் பதிய உங்கள் பெண்களோடு ஒரு நாள் கூடப் போங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பதே சில சமயம் ஒரு மெஷினைவிடப் பெரிய உதவி.

விற்றுவிட்ட அந்த இரண்டு பேரை விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே போய்ப் பாருங்கள், ஆறு பேராகப் போகாமல் ஒருவர் மட்டும் போங்கள், திருப்பிக் கேட்க வரவில்லை என்று உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எந்த மாதம் விற்றார்கள், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்றிருந்தால், உங்கள் பணத்தில் ஒரு பகுதியை 40 பேருக்கும் பொதுவான அவசர நிதியாக ஒதுக்குங்கள், மெஷின்கள் காப்பாற்றப்படும். மாதக்கணக்கில் ஆர்டரே வராமல் விற்றிருந்தால், ஆர்டர் பிடித்துக் கொடுக்க ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர் அந்த 7 பேரில் ஒருவராக இருந்தால் நல்லது. என்ன பதில் கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள், நோட்டுகளையும் அனுப்புங்கள், சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.